ஒட்டு சுருங்குமா?

இதில் ஒரு சொல் பொய்யென்றால் சொன்ன வாய் கோணிக்கொள்ளட்டும்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு தையல்காரர் நடந்த நடையில் தரையே அரை அங்குலம் தேய்ந்து இறங்கியது. உள்ளே, இரண்டு மாதக் குழந்தையின் இதயத்தில் இருந்த ஓட்டைக்கு ஒட்டுப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்த நர்ஸை அவர் விடவில்லை.

“என்ன துணிம்மா வைக்கிறாங்க?”

“துணி இல்லைங்க. மாட்டோட இதயத்தைச் சுத்தியிருக்கிற சவ்வு. பதப்படுத்தினது.”

“அலசினாங்களா? அலசாம தைச்சா அப்புறம் சுருங்கிடும்.”

“நல்லா அலசியாச்சு. உக்காருங்க.”

“குழந்தை வளருமே! பிரிச்சு விடறதுக்கு உள்பக்கம் கொஞ்சம் மடிச்சு வெச்சிருக்காங்களா?”

“ஒட்டு வளராது, சுத்தியிருக்கிற சதை வளர்ந்துக்கும். உங்க பேரனுக்கு ஒண்ணும் ஆகாதுங்க.”

“பேரனா? அது யார் பெத்த புள்ளையோ, நல்லாயிருக்கட்டும். உள்ளே தைக்கிறவ என் மக! இன்னிக்குத்தான் முதல் தடவையா தனியா தைக்கிறா. என் கடையில அவ போட்ட ஒட்டு ஒண்ணாவது நேரா இருந்ததில்லம்மா.”

கதவு திறந்தது. முகக்கவசத்தை இறக்கியபடி மகள் வந்தாள்.

“குழந்தை நல்லாயிருக்குப்பா. ஒரு சொட்டுகூடக் கசியல.”

தையல்காரருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வந்த மூச்சோடு நர்ஸ் பக்கம் திரும்பினார்.

“பின்னே? நாப்பது வருஷமா நான் தைச்ச கை. அது அப்படியே அவளுக்கு வந்திருக்கு.”

அந்த நாற்பது வருடமும் தையல் மெஷினில் உட்கார்ந்தது அவருடைய மனைவி. தையல்காரருக்கோ ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது.