எதிராளியின் தாய்

பெற்ற மகனுக்கு எதிராகச் சாட்சிக் கூட்டில் ஏறி நின்ற சிவபாக்கியத்தை, திருகோணமலை நீதிமன்ற எழுதுவினைஞர் சிவகுருநாதனுக்குக் கண்ணில் காட்டக் கூடாது.

"உங்கடை மகன் யோகராசா இப்ப எங்கை?" என்றார் சட்டத்தரணி.

"இந்தியாவிலை. தொண்ணூறாம் ஆண்டுப் பிரச்சினையிலை வள்ளத்திலை போனவன். அங்கை வேறை ஒருத்தியோடை குடும்பம் நடத்திறான்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்குத்தான் சொல்லி அனுப்பினவன். இனித் திரும்பி வரமாட்டானாம்."

குரல் ஒரு சொல்லுக்கும் தடுமாறவில்லை. மருமகள் புஷ்பவதிதான் தலையைக் குனிந்து அழுதாள்.

பத்திரிகையில் அறிவித்தல் போட்டும் எதிராளி வரவில்லை. மனைவியை வேண்டுமென்றே கைவிட்டவன் என்று விவாகரத்துக் கிடைத்தது. குற்றம் அவன் பக்கம் என்பதால், சீதனமாக இருவர் பெயருக்கும் எழுதிய, சல்லிக் கிராமத்துக் காணியும் வீடும் முழுதாகப் புஷ்பவதிக்கே.

நீதிமன்ற விறாந்தையில் இதே கதைதான். "மருமகள் பகுதி கிழவிக்கு என்னத்தைக் குடுத்துச்சினமோ!"

"இவளெல்லாம் ஒரு தாய்!" என்றார் சிவகுருநாதன், அவள் காதில் விழட்டும் என்றே.

பின்னேரம் இருவருக்கும் ஒரே பஸ். வழியில் ஆமிக் காவலரண். எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நடந்தார்கள். சிவபாக்கியம் பேர்ஸைத் திறந்தாள். இரண்டு அட்டைகள் கீழே விழுந்தன.

குனிந்து எடுத்துக் கொடுக்கப் போனவர் திகைத்தார். ஒன்று அவளுடையது. மற்றது உப்புத் தண்ணீர் ஏறி ஊதிப்போயிருந்தது. படம் பாதி அழிந்துவிட்டது. பெயர் மட்டும் தெரிந்தது: யோகராசா.

அட்டை இல்லாமல் ஒருவரும் சந்திக் கடைக்கும் போகாத காலம். இந்தியாவில் குடும்பம் நடத்துகிறவனின் அட்டை இங்கே எப்படி?

ஆமிக்காரன் நாலு எட்டுத் தள்ளி நின்றான். இன்னொருவர் அட்டையைக் கண்டால் பிடித்து வைத்துவிடுவான். சிவகுருநாதன் அதைச் சட்டென்று தன் ஃபைலுக்குள் செருகினார்.

பஸ்ஸில் ஏறியபின் மெல்லத் திருப்பிக் கொடுத்தார். "என்னம்மா இது?"

"வள்ளம் கவிண்டு போச்சுது, தம்பி. அவன்ரை பை கரையொதுங்கினதாம், அதுக்குள்ளை இது இருந்ததாம். தப்பின ஒருத்தர் போன வருசம் கொண்டுவந்து தந்தவர். உடம்பு கிடைக்கேல்லை."

"அதைக் கோட்டிலை சொல்லியிருக்கலாமே!"

"விசாரிச்சனான். உடம்பில்லாமல் மரணச் சேட்டிபிக்கற் எடுக்க ஏலாதாம். ஆள் காணாமல் போய் ஏழு வருசம் ஆகுமட்டும் காத்திருக்கட்டாம். மருமகளுக்கு இருபத்தாறு வயசு. நிலாவெளியிலை நல்ல பொடியன் ஒருத்தன் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனும் எத்தினை நாளைக்குப் பொறுப்பான்?"

"அவளுக்கு இது தெரியுமே?"

"தெரியாது. செத்தவனை நினைச்சு அழுதுகொண்டு இருக்கிறதை விட, விட்டிட்டுப் போனவனை ஏசிக்கொண்டெண்டாலும் அவள் வாழட்டும்."

சட்டப்படி பார்த்தால் சிவகுருநாதன் இதை மேலிடத்துக்குச் சொல்ல வேண்டியவர். அவருக்கோ அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. காலையில் சொன்ன சொல் நெஞ்சில் குத்தியது.

"வீட்டிலை பத்திரமாய் வையுங்கோம்மா. ஆருக்கும் காட்டாதேங்கோ. ஆனாலும், பெத்த பிள்ளையிலை பழி போட உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?"

அப்போதுதான் அவள் கண் கலங்கியது.

"பழிதான். ஆனால் நீதிபதி ஐயாவுக்கு முன்னாலை, இத்தினை சனத்துக்கு முன்னாலை, என்ரை பிள்ளை உயிரோடை இருக்கிறான் எண்டு இண்டைக்கு ஒருக்காச் சொன்னனே, தம்பி!"