ஹேமிஷின் முதல் ஆட்டம்

"அம்மா, இன்னிக்கு நான் ஆடுறேன்."

கைபேசியில் வந்த அந்த வரியைக் கிளெனிஸ் நின்றபடியே திரும்பத் திரும்பப் படித்தாள்.

மகன் ஹேமிஷ் பெர்த்தில் இருந்தான். பெரிய கால்பந்து அணி ஒன்று எடுத்துக்கொண்ட நாளிலிருந்து களத்துக்கு வெளியேதான் உட்கார்ந்திருந்தான். காலையில் யாருக்கோ கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, இவனை உள்ளே இழுத்துவிட்டார்கள்.

அவள் ஊரான வாரிம்பாவிலிருந்து பெர்த் என்றால் ஆஸ்திரேலியாவின் மறுகோடி. போய்ச் சேர வழியே இல்லை.

அவள் தொலைக்காட்சியைப் போட்டாள். திரையில் யாரோ ஒரு ஆள் சுவருக்கு நீல வண்ணம் அடித்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை ஆட்டங்கள் இந்த வருடம் கட்டணச் சேனலுக்குப் போய்விட்டதை மறந்தே போயிருந்தாள். கைபேசியில் பார்க்கலாமென்றால், ஊரில் செய்தி வந்து சேருவதே பெரும்பாடு.

கணவன் டிரெவர் கோதுமை லாரியோடு துறைமுகச் சாலையில் இருந்தான். அவனுக்கு ரேடியோ போதும். ஊரில் எல்லோருக்குமே ரேடியோ போதும்.

கிளெனிஸுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது.

ஃபுட்டி, அதாவது பந்தைக் கையாலும் பிடித்து ஆடும் ஆஸ்திரேலியக் கால்பந்து, அவளுக்கு வெறும் படம்தான். வர்ணனையாளர்கள் சொல்வதையெல்லாம் நாலு வயது ஹேமிஷ் திரைக்கு முன்னால் நின்று, மறைத்துக்கொண்டு, கைகளால் சொல்லிக்காட்டுவான்.

ஊரில் கட்டணச் சேனல் வருவது நெவிலின் மதுக்கடையில் மட்டும். ஆனால் சனிக்கிழமை மதியம் அது பூட்டிக் கிடக்கும். உள்ளூர் ஆட்டமென்றால் நெவில் மைதானத்தில்தான் இருப்பான், வீரர்களின் தொடைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு.

அன்றைக்கும் ஆட்டம் இருந்தது; மைதானத்துக்குப் போய் ஹேமிஷின் செய்தியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். நெவில் படித்தான். தைலக் கையை டவுசரில் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்துக் கொடுத்தான். அவள் உதடுகளைப் படிக்க வசதியாக நிதானமாகப் பேசினான்.

"ரிமோட்டு கல்லாவுக்குப் பின்னாடி கெடக்கு. நாய் பயங்கரமாக் குரைக்கும், பயந்துடாத."

"குரைக்கட்டும். எனக்கென்ன கேக்கவா போகுது?"

நாய் குரைத்தது. அதன் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டே கதவைத் திறந்தாள். கவிழ்த்துப் போட்ட நாற்காலிகளில் ஒன்றை எடுத்துப் பெரிய திரைக்கு முன்னால் போட்டுக்கொண்டாள்.

முதல் கால்பகுதி முழுக்க ஹேமிஷ் ஓரத்தில்தான் இருந்தான். கேமரா ஒரே ஒரு தடவை அவன் பக்கம் வந்தது. நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

"கைய எடுடா" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள்.

பிறகு அவன் உள்ளே போனான். முதல் பந்தை நழுவவிட்டான். அடுத்ததில் எவனோ ஒரு தடியன் அவனைத் தூக்கிக் கீழே போட்டான். கிளெனிஸ் மடியில் இருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது பந்து உயரத்திலிருந்து வந்தது. நாலைந்து பேர் எம்பினார்கள். பிடித்தது ஹேமிஷ்.

கம்பங்களிலிருந்து வெகுதூரத்தில், ஓரமாக நின்றான். ஓடி வந்து உதைத்தான். பந்து வளைந்து போய் நடு இரண்டு கம்பங்களுக்குள் விழுந்தது. வெள்ளைத் தொப்பி நடுவர் இரண்டு விரல்களையும் நீட்டினார். கோல்.

அப்போது அவள் பாதத்தின் கீழே தரை அதிர்ந்தது.

லாரி ஏதோ போகிறதென்று நினைத்தாள். அதிர்வு நிற்கவில்லை. பலகைத் தரை முழுக்கத் துள்ளியது.

திரும்பிப் பார்த்தாள்.

கடை நிறைய ஆட்கள். சேறும் வியர்வையுமாக உள்ளூர் அணி மொத்தமும். அவர்களோடு எதிரணி மொத்தமும். ஆணி பதித்த காலணிகளோடு குதித்துக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் விசில் தொங்க நடுவர் கொலினும் நின்றார். எப்போது வந்தார்கள், எத்தனை நேரமாக முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்கள், அவளுக்குத் தெரியவில்லை.

அவள் திரும்பியதும் குதிப்பதை நிறுத்தினார்கள். ஹேமிஷோடு சிறுவர் அணியில் ஆடியவர்கள் முதலில் கைகளை உயர்த்தி விரல்களை விரித்து அசைத்தார்கள். காது கேளாதோரின் கைத்தட்டல் அது. அதைப் பார்த்து எதிரணியும் அசைத்தது.

எதிரணியின் பெரிய உடம்புக்காரன் ஒருவன் அவள் முன்னால் குனிந்தான்.

"போன வருஷம் என்னத் தாண்டி ஒரு பந்து எடுத்திருப்பானா இவன்? பெர்த்துல போயி வித்தைய காட்டுறான் பாரு." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நெவில் சேதி சொல்ல, உள்ளூர் ஆட்டத்தின் அரை ஆட்ட இடைவேளையில் ஓடி வந்தவர்கள் அவர்கள். அந்த இடைவேளை எப்போதோ முடிந்திருந்தது. யாரும் நகரவில்லை. எதிரணிப் பயிற்சியாளர் ராஸ் மட்டும் கொலினின் தோளைத் தட்டினார்.

"லீக்குல கேட்டா என்னய்யா சொல்லுவ?"

"மின்னல். மின்னல் வந்தா ஆட்டத்த நிறுத்தணும்ல."

ஜன்னலுக்கு வெளியே ஒரு துண்டு மேகம்கூட இல்லை.

பெர்த்தில் இடைவேளை விட்ட பிறகுதான் அவர்கள் மைதானத்துக்குத் திரும்பினார்கள். கிளெனிஸ் ஒவ்வொருவரின் சேற்றுக் கையையும் பிடித்துக் குலுக்கி அனுப்பினாள்.

இடைவேளையின்போது நாலு கோல் முன்னிலையில் இருந்தது எதிரணி. நின்று விறைத்துப்போன கால்களோடு திரும்பி ஆடி, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. அந்தத் தோல்வியோடு இறுதிச் சுற்று வாய்ப்பும் போனது.

திங்கட்கிழமை லீக் தலைவர் ராஸைத் தொலைபேசியில் கூப்பிட்டார். ஏதோ மின்னலாமே, ரொம்ப நேரம் நிறுத்திவிட்டார்களாமே, புகார் கொடுத்தால் முடிவை ரத்து செய்யலாம் என்றார்.

ராஸ் மறுத்துவிட்டார்.

"நிஜமான மின்னல்தாங்க. நானே பாத்தேன். இடிதான் கேக்கல."