செம்பன்குடாப் பெடியள்

"நாங்கள் படிச்ச மண்ணின்ரை மானம் இது! யதுர்சனைக் கோல் காக்க விட்டால் நான் மட்ச் பாக்கவே வரமாட்டன்!"

இந்திரகுமார் மேசையில் குத்திய குத்தில் தேத்தண்ணி சிந்தியது. சிட்னி, பென்டில் ஹில்லில் சிறிதரன் வீட்டுக் கராஜ். செம்பன்குடா கொலிஜ் பழைய மாணவர் சங்கத்தின் சனிக்கிழமைக் கூட்டம். அடுத்த ஞாயிறு புட்போல் சீசனின் முதல் மட்ச், அதுவும் போன முறை கோப்பை தூக்கிய ரீமோடு.

செம்பன்குடா ரீமின் கெட்டித்தனம் சிட்னித் தமிழர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். போன சீசன் முழுவதும் அவர்கள் கணக்கில் ஏறியது ஒரே ஒரு கோல். அதையும் எதிர் ரீம்காரன்தான் தவறித் தன் பக்கமே அடித்துக் கொடுத்தான், புண்ணியவான்.

"அண்ணை, பெடியன் நல்லாப் பாயுறான்," என்றார் சங்கச் செயலாளர் சிறிதரன்.

"பாயுறான் சரி. பந்து வரேக்கை கண்ணையெல்லோ மூடுறான்!"

கராஜே சிரித்தது. இந்திரகுமாருக்கு மனம் குளிர்ந்துபோனது. மெரிலேண்ட்ஸ் யூனிற்றில் அவர் பகிடிக்குச் சிரிக்க யார் இருக்கிறார்கள்? மனைவி பிரிந்து மகளோடு மெல்பேர்னுக்குப் போன நாள் தொட்டு வீட்டில் சுவரோடுதான் பேச்சு. இந்தச் சனிக்கிழமையும் இல்லையென்றால் மனிதருக்கு விசரே பிடித்துவிடும்.

ஆனால் பாருங்கள், மண்ணின் மானம் என்று இவ்வளவு முழங்கியவர் செம்பன்குடா கொலிஜைப் படத்தில்கூடக் கண்டதில்லை.

நாலு வருடத்துக்கு முன் பலசரக்குக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றவரின் தோளைத் தொட்டுச் சிறிதரன் கேட்டார், "அண்ணை, நீங்கள் செம்பன்குடா கொலிஜோ?" அந்தக் கிழமை முழுவதும் அவரை ஒருவரும் அண்ணை என்று கூப்பிட்டிருக்கவில்லை. வாய் தன்பாட்டில் "ஓம்" என்றது. எந்த வருடத்து பட்ச் என்று கேட்டதற்கு எண்பத்திநாலு என்றும் அடித்து விட்டார். அன்று தொடங்கிய பொய்தான், இன்றுவரை நன்றாகவே ஓடுகிறது.

சிறிதரன் தொண்டையைச் செருமினார். "ஒரு விசயம். கடையில ஒட்டின எங்கட மட்ச் நோட்டீசைப் பாத்திட்டு ரஞ்சினி எண்டு ஒரு அக்கா போன் எடுத்தவ. செம்பன்குடாவில படிச்சவவாம், எண்பத்திநாலாம் பட்ச். இப்ப வாறா. வரவேண்டாமெண்டு சொல்லேலாதுதானே?"

கராஜ் சட்டென்று அடங்கிவிட்டது. எல்லோரும் தன்னையே பார்ப்பதாக இந்திரகுமாருக்குப் பட்டது. எழுந்து ஓடிவிடலாமா? ஓடினால் அடுத்த சனிக்கிழமை எங்கே போவது?

யோசித்து முடிப்பதற்குள் ரஞ்சினி வந்துவிட்டார். வாசலிலேயே நின்று, கராஜ் நிறைய இருந்த ஆண்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இவ்வளவு பேரும் எங்கட கொலிஜோ?"

"ஓமோம்!" என்றார்கள் எல்லோரும்.

யாரோ ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்கள். சிறிதரன் கை காட்டினார். "இவர் இந்திரகுமார் அண்ணை. உங்கட பட்ச்தான்."

ரஞ்சினி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முடிந்தது கதை என்றே இந்திரகுமார் நினைத்தார்.

"ஓம், ஞாபகம் இருக்கு. கணக்குப் பாடத்தில நித்திரை கொண்டு ரீச்சரிட்ட அடி வாங்கிறவர்!"

கராஜ் அதிரச் சிரிப்பு. இந்திரகுமாரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பாவம், வேறு யாரையோ நினைத்துக்கொண்டு சொல்கிறார், அப்பாடா, தப்பினேன் என்று எண்ணிக்கொண்டார்.

அதன்பிறகு கோலுக்கு யார் என்ற சண்டையில் ரஞ்சினியும் சேர்ந்துகொண்டார். "கண்ணை மூடினாலும் ஓடாமல் நிக்கிறான்தானே, அவனையே விடுங்கோ," என்றார். அந்தப் பேச்சோடு யதுர்சனுக்கே கோல் என்று முடிவானது. மட்ச் பார்க்க வரமாட்டேன் என்றவர்தான் முதல் ஆளாகக் கை தூக்கினார்.

கூட்டம் கலைந்ததும் இருவரும் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். ரஞ்சினி ஸ்ட்ராத்ஃபீல்டுக்குப் போகவேண்டும். வழியெல்லாம் அவர் அன்பாகக் கதைக்கக் கதைக்க இந்திரகுமாருக்கு நெஞ்சு குறுகுறுத்தது. பிளாட்பாரத்தில் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"நீங்கள் நினைக்கிற ஆள் நானில்லை. நான் செம்பன்குடாவில படிக்கேல்லை. அந்த ஊர் எந்தப் பக்கமெண்டும் தெரியாது. தனிய இருக்கேலாமல் ஓமெண்டு சொல்லிப்போட்டன்." அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். "மற்றதுகள் எல்லாம் உண்மையாப் படிச்ச சனம். நடுவில நான் ஒருத்தன்தான் கள்ளன். இண்டைக்கே சிறிதரனிட்டச் சொல்லிப்போட்டு விலகிறன்."

ரஞ்சினி அவசரமாகத் தலையாட்டி மறுத்தார். "ஐயோ, ஒருத்தரிட்டயும் சொல்லாதேங்கோ! மகன் வீட்டில பகல் முழுக்க நானும் ரீவியும்தான். எனக்கும் அடுத்த சனிக்கிழமை வரவேணும்."

"அதுக்காக அந்தச் சனத்தை ஏமாத்தலாமோ?"

ரெயின் வந்து நின்றது. ரஞ்சினி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்:

"அண்ணை, அது பொம்பிளைப் பிள்ளையள் மட்டும் படிச்ச பள்ளிக்கூடம்."