அணுகுண்டின் பக்கம்

தன் கணவர் அணுகுண்டுக்கு ஆதரவாக மேடையேறப் போகிறார் என்பதே பக்கத்து வீட்டு நூர் நிஷா சொல்லித்தான் செண்பகவல்லிக்குத் தெரிந்தது.

"உங்களுக்கு வேற தலைப்பு அகப்படலியா?" என்று காசிராஜனிடம் கேட்டாள்.

காசிராஜனுக்கு தாராவியில் ஹார்டுவேர் கடை. ஞாயிற்றுக்கிழமையானால் மேடைப் பேச்சு. மாட்டுங்காவிலிருந்து தாணே வரை தமிழ் மேடைகளில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. பதினோரு வருஷமாக அவர் எடுத்த பக்கம் தோற்றதில்லை.

இந்தத் தடவை செம்பூரில் ஒரு தமிழ் அமைப்பின் ஆண்டுவிழா. வழக்காடு மன்றம் வைத்திருந்தார்கள். எண்பது வருஷத்துக்கு முன்னால், போரை முடிக்க இரண்டு ஊர்கள் மேல் அணுகுண்டு போட்டது குற்றம் என்று பிரபாவதி டீச்சர் வாதாடுவார். குற்றமில்லை என்கிற பக்கத்தைக் காசிராஜன் வலியக் கேட்டு வாங்கியிருந்தார்.

"வக்கீல் கொலைகாரனுக்கும்தான் வாதாடுதாரு. லேசான பக்கத்துல பேசி ஜெயிக்கதுல என்ன இருக்கு?" என்றார்.

செண்பகவல்லி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. குழந்தை குட்டியோடு ஊரையே பொசுக்கியதற்கு ஒருத்தர் வக்காலத்து வாங்குவதா? அதுவும் கைதட்டலுக்காக?

அவர் அசரவில்லை. கடையில் ஆள் வராத நேரமெல்லாம் படித்தார். ஒரு நோட்டு நிறைய எழுதினார்.

சனிக்கிழமை காலை, கடை திறக்கப் போகுமுன் அவளை எதிரே உட்காரவைத்து முழுதாகப் பேசிக் காட்டினார்.

போர் இன்னும் ஒரு வருஷம் இழுத்திருந்தால் எத்தனை லட்சம் பேர் செத்திருப்பார்கள் என்று கேட்டார். அழுகிய காலை வெட்டி உயிரைக் காப்பாற்றுகிற டாக்டரைக் கொலைகாரர் என்போமா என்றார். கடைசியாக ஒரு தாயிடம் வந்தார். போர் நின்றதால் உயிரோடு வீடு திரும்பிய பையனைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். அவளிடம் போய், 'உன் பிள்ளை பிழைத்தது ஒரு குற்றத்தால்' என்று யார் சொல்வது?

கையைக் கட்டிக்கொண்டு முறைப்பாக உட்கார்ந்திருந்த செண்பகவல்லி, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"நீங்க சொல்லுததக் கேட்டா, போட்டது சரிதான்னு படுது."

காசிராஜன் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நோட்டை மூடிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

ஞாயிறு மாலை மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசைகளில் எண்பது பிள்ளைகளாவது இருக்கும். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். காதால் கேட்பதை மட்டும் அப்படியே பிடித்துக்கொள்வார்கள்.

பிரபாவதி டீச்சர் நிதானமாகப் பேசினார். அன்று காலை பள்ளிக்கூடம் கிளம்பிய பிள்ளைகளிடம் யார் சம்மதம் கேட்டார்கள் என்று கேட்டு முடித்தார்.

காசிராஜன் எழுந்தார். வருஷங்களை மாற்றிச் சொன்னார். இரண்டு தடவை தண்ணீர் குடித்தார். பேச்சில் டாக்டர் வரவில்லை, தாயும் வரவில்லை. கொடுத்திருந்தது பதினைந்து நிமிஷம்; ஆறே நிமிஷத்தில் வணக்கம் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

குற்றமே என்று நடுவர் தீர்ப்புச் சொல்ல யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் விசில் அடித்தார்கள். அண்ணாச்சிக்குச் சரக்கு தீர்ந்துபோச்சு என்று பின்னாலிருந்து யாரோ சொன்னது செண்பகவல்லியின் காதில் விழுந்தது. வாசலில் அமைப்பின் செயலாளர் மாரிசெல்வம் மரியாதையாகத்தான் பேசினார். அடுத்த மாதம் வாஷி மேடைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும், அண்ணாச்சி கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்றும் சொன்னார்.

காசிராஜன் சரி என்று தலையசைத்தார்.

இருவரும் சயான் போகிற பஸ்ஸில் ஏறினார்கள். உட்கார்ந்ததும் செண்பகவல்லி கேட்டாள்.

"மறந்துட்டீயளா?"

"இல்ல."

"மேலுக்கு எதும் முடியலியா?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, அந்தத் தாயைப் பற்றி எழுதியிருந்ததை ஒரு சொல் பிசகாமல் மெதுவாகச் சொல்லி முடித்தார்.

செண்பகவல்லிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இத ஏன் அங்க சொல்லல?"

"ரெண்டு நாளா எங்கிட்ட முகம் கொடுக்காதவ, கால் மணி நேரத்துல சரின்னு சொல்லிட்ட. அப்பதான் எனக்குப் பயம் வந்துச்சு. அங்க அத்தன பிள்ளையளும் வாயைப் பாத்துக்கிட்டு இருக்கு. எந்த ஊரு மேல குண்டு போட்டாலும் சரிதான்னு நெனச்சிக்கிட்டு வீட்டுக்குப் போவணுமா?"

 ஆனாலும் மண்டபத்தில் கேட்ட சொல் அவளை உறுத்தியது.

"அப்ப நேத்தே விலகியிருக்கலாம்லா? இப்படி நாலு பேர் சிரிக்கும்படி ஆகணுமா?"

"விலகியிருந்தா வேற ஒருத்தர் பேசியிருப்பாரு, செம்பகம்" என்றார் காசிராஜன். "அவரு ஜெயிச்சிருந்தா?"