இருபதடி பாக்கி

மாலை வெயில் முடிவுக்கோட்டுச் சிவப்பு ரிப்பனில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்கிறது. சைக்கிளில் ஏறியே பார்த்திராத சைக்கிள் சங்கத் தலைவர், இந்தத் தம்பதியின் இரண்டாயிரம் கிலோமீட்டரையும் தாமே மிதித்து முடித்தவர்போல மைக்கில் மூச்சு வாங்குகிறார். தம்பதியோ ரிப்பனுக்கு இருபதடி முன்னால் நின்றுவிட்டார்கள். மனைவியின் பின்சக்கரத்தில் காற்றில்லை. கணவன் குத்துக்காலிட்டு, இல்லாத முள்ளை டயரில் தேடுகிறான். வால்வை அவனே திருகிவிட்டதை அவள் பார்த்துவிட்டாள். நாளைக் காலை அவளுக்கு வயிற்றுக் கட்டிக்கு அறுவை சிகிச்சை. பிழைப்பது பாதிக்குப் பாதி என்ற டாக்டரிடம், பயணத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்று அவள்தான் தவணை வாங்கியிருந்தாள்.

“சீக்கிரம் சார், போட்டோகிராபர் கிளம்பணுங்கிறாரு,” என்று மைக்கிலேயே அவசரப்படுத்துகிறார் தலைவர்.

“பஞ்சர் சார். நேரமாகும்,” என்கிறான் கணவன், தலை நிமிராமல்.

“ஒழுங்கா ஒரு பொய் சொல்லத் தெரியுதா உங்களுக்கு,” என்று அவள் முணுமுணுக்கிறாள். “ஒரு சக்கரம்னா தள்ளிக்கிட்டே வாங்கன்னு சொல்லிடுவாரு.” பிறகு மெல்லக் குனிந்து, முன்சக்கரத்தின் வால்வையும் திருகுகிறாள். காற்று சீறிக்கொண்டு வெளியேறுகிறது. அது அடங்கும்வரை இருவரும் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.