என்டர் பொத்தான் மேல் ஒரு விரல்

திருப்பதி சாஃப்ட்வேர் கம்பெனியின் மூன்றாவது மாடியில், சாயங்கால வெயில் துர்காதேவியின் லேப்டாப் மேல் சரிந்து கிடக்கிறது. அவள் ஆறு மாதம் எழுதிய புரோகிராமில் வரிக்கு வரி தன் பெயரை ஏற்றி, அவள் போகவேண்டிய அமெரிக்காவுக்குத் தனக்கு டிக்கெட்டும் வாங்கிவிட்ட டீம் லீடர் ஹரிபாபு, இப்போது அவள் நாற்காலிக்குப் பின்னால் வியர்த்து நிற்கிறான். ஏதோ பிழையைச் சரிசெய்யப் போய், புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் 'கிட்' (Git) மென்பொருளில், பழையதன் மேலேயே எழுதிவிடும் 'ஃபோர்ஸ் புஷ்' கட்டளையைக் கொடுத்து, சர்வரில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டான். "அரைமணியில அமெரிக்காக்காரங்க பார்ப்பாங்கம்மா. உங்கிட்ட அதோட காப்பி இருக்குதா?" "இருக்குது சார். நீங்க பேரை மாத்தறதுக்கு முந்தினது." "அப்போ உன் பேரு வருமே. மாத்த முடியாதா?" "நீங்கதான் மாத்திப் பழகினவராச்சே, உக்காந்து மாத்துங்க. நான் டீ குடிச்சிக்கினு இருக்கேன்." பக்கத்து மேசைகளில் கீபோர்டுச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்குகிறது. தன்னிடமுள்ள நகலை சர்வருக்கு ஏற்றும் கட்டளையை அடித்துவிட்டு, அவள் விரல் என்டர் பொத்தான் மேல் இருக்கிறது, அழுத்தவில்லை. கண்ணாடி வளையல்கூட அசையவில்லை. ஹரிபாபு சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறான், பிறகு தரையை. "உன் பேரோடவே போடும்மா" என்று முணுமுணுக்கிறான். துர்காதேவி திரும்பிப் பார்க்காமல் சிரிக்கிறாள். "கேக்கல சார். எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லுங்க."