விலைக்கோடு

இந்த முறையும் மடிக்கணினியில் பிழை என்று எதுவும் வரவில்லை. அருண் ஜோசப்புக்கு அதுதான் பெரிய தொல்லையாக இருந்தது. பிழை வந்தாலாவது எதைச் சரிசெய்வது என்று தெரியும்.

"படம் வந்திருக்கா பாரு" என்றான் மனைவியிடம்.

காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த அனிதா மேரி எட்டிப் பார்த்தாள். "இல்லங்க. வெள்ளையாத்தான் கெடக்கு."

ஓடைப்பட்டிச் சந்தையின் திராட்சை விலை முழுவதும் அவன் மடிக்கணினியில் இருந்தது. பங்குனியில் விலை ஏன் விழுகிறது என்றுகூடக் கண்டுபிடித்துவிட்டான். எல்லோரும் ஒரே நேரத்தில் கொடியை வெட்டிக் கவாத்து செய்கிறார்கள். எல்லார் தோட்டத்துப் பழமும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்து குவிகிறது. ஆளுக்குக் கொஞ்சம் தள்ளிக் கவாத்து செய்தால் போதும்.

சாயங்காலக் கூட்டத்தில் அதை விளக்க வேண்டும். விவசாயிகள் சங்கச் செயலாளர் சுருளிராஜன் காலையிலேயே போனில் சொல்லிவிட்டார்: "எண்ணா வாசிச்சா யாரும் கேக்க மாட்டாக தம்பி. படமாக் கொண்டாங்க."

சங்கத்தில் அவனுக்கு வேலை கிடைப்பதும் அந்தப் படத்தைப் பொறுத்துத்தான்.

நிரலை எழுதினால் அதற்குக் கீழேயே விடை தரும் நோட்புக்கில்தான் அவன் வேலை செய்தான். அதில் படம் வரையும் கருவியை நிறுவுவது எப்படி என்று சொல்லும் பக்கம் இதற்குள் அவனுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

பழைய நோட்புக் என்றால் இன்னொன்றையும் சேர்த்து நிறுவவும் என்றது பக்கம். எது பழையது என்று சொல்லவில்லை. எங்கே நிறுவ வேண்டும் என்றும் சொல்லவில்லை. எழுதியவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

கடைசி வரி இப்படி இருந்தது: "எல்லாம் சரியாக நடந்திருந்தால், கீழே உள்ளது போன்ற படம் தெரியும்."

அந்த வரி வரும்போதெல்லாம் அவனுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

திரையில் இருக்கும் எழுத்தை வாசித்துக் காட்டும் குரலை நிறுத்திவிட்டு, இயர்போனைக் கழற்றி வைத்தான். கணினிக்குள் நோட்புக் ஓடுவது ஓரிடம், தான் கருவியை நிறுவியது வேறிடம் என்று அப்போதுதான் பொறி தட்டியது.

இரண்டு இடத்திலும் நிறுவினான். எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி திறந்தான். ஓடவிட்டான்.

"இப்ப?"

அனிதா மேரி மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வந்திருச்சுங்க."

"எப்படி இருக்கு?"

அவள் அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்துத் திரையில் கோடு தொடங்கும் இடத்தில் வைத்தாள். தை மாதத்திலிருந்து மெதுவாக மேலே கொண்டுபோனாள். மாசி முடிகிற இடத்தில் விரல் சடாரென்று இறங்கியது. பங்குனி முழுக்க அடியிலேயே ஊர்ந்தது. பிறகு மறுபடி ஏறியது.

இதுவரை அவன் காதால் மட்டுமே கேட்டிருந்த விலை.

"இன்னொரு தடவ கூட்டிட்டுப் போ" என்றான். "சாயங்காலம் அவுகளுக்கு நானே கைய வச்சுக் காட்டணும்."